சண்டைக்குப் போகாத அண்ணன்

பெட்டியின் மூடியைத் தூக்கியதும் பூச்சி உருண்டை நெடி கூடம் முழுக்கப் பரவியது. ஓரிக்கையில் ராஜேஸ்வரி அத்தையின் கருமாதி முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். ஆண்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசலில் நின்று அரசியல் பேசப் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் அத்தையின் இரும்புப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம். வயதான பெண் போய்ச் சேர்ந்தால், காரியம் முடிந்த கையோடு அவளுடைய பட்டுப்புடவைகளை வெளியே எடுத்து, மகள், மருமகள், முறைக்காரிகள் என்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அத்தனை நாள் அழுகைக்குப் பிறகு முதல் சிரிப்பு வருவதும் அங்கேதான், முதல் மனத்தாங்கல் வருவதும் அங்கேதான். எந்தப் புடவை யாருக்குப் போகிறது என்று எல்லாருடைய கண்ணும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

அத்தையின் மகள் மல்லிகா ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள்.

“சரோஜாக்கா, மொதல்ல நீ எடுத்துக்கோ. நீதான் பெரியவ.”

“எனக்கு எதுக்கும்மா? நான் காட்டன் கட்றவ. கட்டிக்கினு எங்க போகப்போறேன்?” என்று சொல்லிக்கொண்டே கையைப் பெட்டிக்குள் விட்டேன். அடியில் பழைய வேட்டியில் சுற்றி ஒன்று இருந்தது.

மல்லிகா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அது வாணாம்க்கா. அது இத்துப்போயி கெடக்குது.”

வேண்டாம் என்று சொன்னால் எனக்கு அதுதான் வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். வேட்டியைப் பிரித்தேன். மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்குக் கரை, கரை நெடுக ஜரிகைக் கிளிகள். மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு விட்டுப்போயிருந்தது. மற்றபடி கட்டியதற்கான அடையாளமே இல்லை.

கரையை விரலால் தடவிக்கொண்டே போனேன். முந்தியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு கிளிக்கு மட்டும் கால் இல்லை.

அது என் அப்பாவும் நானும் நெய்த புடவை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அது டில்லியில் ஒரு பட்டாளத்து அதிகாரியின் மனைவியிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் புடவைதான் என் அண்ணனைக் கொன்றது என்று என் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

வழி சொல்லப் போனவன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே இரண்டு தறி போட்டுப் பட்டு நெய்தவர். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் தணிகைவேல், பிறகு நான், கடைசியில் சேகர். இத்தனை வாரம் எழுதியும் அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. குடும்பப் புகைப்படம் வெளியான வாரம் ஒரு வாசகி, “பின்வரிசையில் பனைமரம்போல நிற்கிறாரே, அவர் யார்?” என்று கேட்டிருந்தார். நானும் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன்.

அந்த உயரம்தான் அவனைத் தறியிலிருந்து காப்பாற்றியது. தறிக்குழிக்குள் காலை இறக்கினால் முட்டி மேலே இடிக்கும். “இவன் காலு குழிக்குள்ள அடங்காது. படிச்சுத் தொலையட்டும்” என்று அப்பா விட்டுவிட்டார். உள்ளூர்க் கல்லூரியில் பௌதிகம் படித்தான். எங்கேயோ பரீட்சை எழுதினான். ஒரு நாள் வந்து, விமானப் படையில் நேவிகேட்டர் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள் என்றான்.

நேவிகேட்டர் என்றால் என்ன என்று தெருவே கேட்டது. விமானம் ஓட்டுகிறவருக்கு வரைபடம் பார்த்து வழி சொல்கிறவர் என்று விளக்கினான். அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். காரணம் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்கி வரச் சொன்னால் ஊரின் மறுகோடியில் பிள்ளையார்பாளையத்தில் போய் நின்றுகொண்டு அங்கேயும் ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறவன் அவன்.

“இவனா வழி சொல்லப் போறான்? ஏரோப்ளேன் ராமேஸ்வரத்துல எறங்கும்பா” என்றார்.

முதல் விடுமுறையில் வந்தபோது அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்து, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினான். இது நாம் போக வேண்டிய வழி, இது காற்று நம்மைத் தள்ளுகிற பக்கம், அதனால் விமானத்தின் மூக்கை இப்படிக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னான். அம்மா கோட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேல ரோடு கெடையாது, கடை கெடையாது. வழி தெரியலன்னா யார கேப்பே?”

“என்னைத்தாம்மா கேப்பாங்க.”

அவன் சிரித்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டால் ஆகாதது உண்டா

வங்காளதேசம் பிறந்த சண்டை நடந்த வருஷம் அது. சண்டை மூள்வதற்குப் பல மாதம் முன்பே வானொலியில் அதே பேச்சு. எங்கள் தறிக்கு நேர் மேலே, சுவர் மாடத்தில் வானொலிப் பெட்டி இருந்தது.

கோர்வைப் புடவை, அதாவது உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வருவது, அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா உடலுக்கும் ஒரு கரைக்கும் நாடா, அதாவது ஊடைநூல் சுற்றிய கட்டை, வீசுவார். மறு கரைக்கு நாடா கொடுக்கப் பக்கத்தில் நான் உட்காருவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. எல்லையில் படைகள் குவிகின்றன என்று வானொலி சொன்ன ஒரு சாயங்காலம் அப்பாவின் கால் மிதியில் இருந்தது, காது மாடத்தில் இருந்தது. மேலே கிளிக்கு உருவம் கொடுக்கிற டிசைன் அட்டை ஒன்று தாண்டி ஓடிவிட்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

புடவையை அறுத்து மடிக்கும்போதுதான் கால் இல்லாத கிளி கண்ணில் பட்டது. அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் கண்ணிலிருந்து அது தப்பாது. புடவை விற்காமல் அலமாரியிலேயே கிடந்தது.

தீபாவளி சமயத்தில் ராஜமாணிக்கம் மாமா விடுப்பில் வந்தார். அம்மாவுக்குப் பெரியம்மா மகன், தம்பி முறை. டில்லியில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. ராஜேஸ்வரி அத்தை அவர் மனைவி. வடநாட்டுக் குளிருக்கு வாங்கிய கோட்டை ஐப்பசி மாதக் காஞ்சிபுரத்தில் போட்டுக்கொண்டு வருகிற மனுஷன். அம்மா அவருக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“தம்பி, எம்புள்ளைய சண்டைக்கு அனுப்பாம நீதான் பாத்துக்கணும்.”

“அதெல்லாம் மேலிடத்து விவகாரம்க்கா. நம்ம கையில இன்னா இருக்குது?”

“மேலிடத்துக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பா இல்ல?”

மாமா காப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினார். அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து மயில்கழுத்துப் புடவையை எடுத்து வந்தாள்.

இதை மற்ற ஊர்க்காரர்கள் நம்புவது கஷ்டம். எங்கள் ஊரில் பட்டுப்புடவையால் ஆகாத காரியம் கிடையாது. காலேஜ் சீட்டா, மாற்றல் உத்தரவா, ஆஸ்பத்திரியில் படுக்கையா, ஒரு புடவையை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாதி நேரம் அது பலிக்கவும் செய்யும். ஒரு நாட்டின் படையையும் அப்படி நகர்த்திவிடலாம் என்று என் அம்மா நினைத்ததில் எங்களில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அப்பா மட்டும் முனகினார். “குத்தம் இருக்குதே அதுல.”

“வடக்கத்திக்காரிக்குக் கிளிக்குக் காலு இருக்குதா இல்லியான்னு இன்னா தெரியும்?” என்றாள் அம்மா.

மாமா பையை வாங்கிக்கொண்டு போனார்.

காரியம் ஆச்சு

சில வாரம் கழித்து மளிகைக்கடைத் தொலைபேசிக்கு டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

“அக்கா, காரியம் ஆச்சு! பையன் ட்ரெயினிங்லயேதான் இருப்பான். சண்டைக்கு அனுப்ப மாட்டாங்க!”

அம்மா மளிகைக்கடை வாசலிலேயே அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சண்டை தொடங்கிய வாரம், எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய மற்ற வீட்டுப் பெண்கள் சோறு இறங்காமல் இருந்தபோது, அம்மா கோயிலில் மாவிளக்கு போட்டாள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த அந்த உருண்டையை வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். நெய் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தச் சண்டை முடிவதற்குள் அண்ணன் செத்துப்போனான்.

அண்ணனின் சவப்பெட்டியோடு ஓர் இளம் அதிகாரி வந்தார். அண்ணனைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்தால் எங்கே நிலைவாசல் இடிக்குமோ என்று பார்த்துப் பார்த்து உள்ளே வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் பள்ளிக்கூட இங்கிலீஷ்.

அம்மா கேட்டாள்: “சண்டைக்கு அனுப்பிட்டீங்களா?”

நான் கேட்டுச் சொன்னேன். இல்லை, பயிற்சிப் பறப்பு என்றார் அவர். வழி கண்டுபிடித்துப் பழகுவதற்காக ஓர் ஆசிரியரும் மாணவர்களும் ஓட்டுகிறவரும் போயிருக்கிறார்கள். மேகம் இறங்கியிருந்தது. மேகத்துக்குள் மலை இருந்திருக்கிறது. யாரும் பிழைக்கவில்லை. அன்று வழி சொல்லும் முறை அண்ணனுடையதா, வேறொரு பையனுடையதா என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டதுபோல வாயை அசைத்து, “தெரியாதாம்ப்பா” என்றேன்.

“ட்ரெயினிங்கா?” என்று அம்மா மறுபடி என்னிடம் கேட்டாள்.

“ட்ரெயினிங்தாம்மா.”

அம்மா அதிகாரி பக்கமிருந்து திரும்பிக்கொண்டாள். காலியாக இருந்த அலமாரித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று அந்த வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் புரிந்தது.

ஏரியில் விழுந்தவர்கள்

அப்பா அழவில்லை. சில வாரம் கழித்து, தறியில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே ஒரு பழைய கதையைச் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் நடந்த உலகச் சண்டையின்போது தென்னேரி ஏரியில் சிறிய விமானம் ஒன்று விழுந்ததாம். அப்பாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. தறி வேலையைப் போட்டுவிட்டு நண்பர்களோடு நடந்தே போயிருக்கிறார். ஜப்பான்காரன் சுட்டுத் தள்ளிவிட்டான் என்று வழியெல்லாம் பேச்சு. போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர். ஊர்க்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவர்களைத் தூக்கி வந்து கரையில் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு விவசாயி தன் மேல்துண்டை எடுத்து ஒருவன் முகத்தில் போர்த்தினாராம்.

“செவந்த மூஞ்சி. நம்ம வேலு வயசுதான் இருக்கும்” என்றார் அப்பா. “சுட்டு வுழலன்னு தெரிஞ்சதும் கூட்டம் கலைஞ்சுப்போச்சு. நானும் வந்துட்டேன். அவங்க பேரு இன்னான்னு கூட ஒருத்தரும் கேக்கல.”

நாடாவை எடுத்து வீசினார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கூட்டம் கலைவதை நானும் பார்த்தேன். அண்ணனின் சவப்பெட்டி வந்த அன்று மாலையோடும் கொடியோடும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்த முனையில?” என்று கேட்டார். ட்ரெயினிங் என்று அப்பா சொன்னதும் பிடி தளர்ந்தது. மாலையைப் போட்டார்கள். கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்த பிறகு ஊரில் நடந்த வெற்றிக் கூட்டத்தில், உயிர்விட்ட பிள்ளைகள் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரை நின்றார். அண்ணன் பெயர் வரவில்லை.

எனக்கு அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. சண்டை என்று ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பையன்களை அத்தனை அவசரமாக, மேகம் இறங்கிய நாளில் மேலே அனுப்பியிருப்பார்களா? எதிரி சுட்டுச் செத்தால்தான் நாட்டுக்காகச் செத்ததா? யாரிடம் போய்க் கேட்பது?

கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்

அம்மா வெளியே யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது. “சண்டைக்குப் போயிருந்தான்னா திரும்பி வந்திருப்பான்டி. போனவங்கல்லாம் வந்துட்டாங்க பாரு. நான்தான் பொடவையக் குடுத்து அவன அங்கியே கட்டிப் போட்டுட்டேன்.”

எங்கள் தெருவிலிருந்து போன மற்றப் பிள்ளைகள் உண்மையிலேயே திரும்பி வந்துவிட்டார்கள். அதனால் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போவதை விடவில்லை. போவாள், கைகூப்புவாள், திரும்பி வருவாள். எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனபோது, “அம்மன்கிட்ட வேண்டிக்கோயேன்” என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். “நான் எதுவும் கேக்க மாட்டேன்மா. கேட்டா குடுத்துடுறாங்க” என்றாள்.

மறு கோடையில் மாமா வந்தார். கோட்டு இல்லை. டில்லி மிட்டாய் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். அம்மா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னா தம்பி பண்ணுவே? நான் கேட்டேன், நீ செஞ்சே. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள்.

மாமா விசும்பி விசும்பி அழுதார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். அண்ணன் மேல் அவருக்கு எவ்வளவு பாசம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பின்னால் வேலை ஓய்ந்து ஓரிக்கையில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் அவரும் அத்தையும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தால் அத்தை மறு பக்கம் போய் உட்காருவாள். டில்லியில் இருந்த திமிர் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

மல்லிகா சொன்னது

கூடத்தில் மற்றப் பெண்கள் புடவை நிறங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மல்லிகா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அண்டாக்களில் மீந்த சாம்பார் வாடை. கதவைச் சாத்தினாள்.

“அக்கா, எங்கப்பா திருடன் இல்லக்கா.”

“நான் ஒண்ணும் சொல்லலியேம்மா.”

“குடுக்கணும்னுதான் எடுத்துக்கினு போனாரு. ஆபீஸ்ல விசாரிச்சிருக்காரு. படிப்பு முடிக்காத புள்ளைங்கள யாரும் சண்டைக்கு அனுப்ப மாட்டாங்க, அவங்களுக்கு இன்னும் எத்தினியோ மாசம் ட்ரெயினிங் பாக்கி இருக்குதுன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் யாருக்குக் குடுக்குறது? ஒங்கம்மாவுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டுமேன்னு காரியம் ஆச்சுன்னு போன்ல சொல்லிட்டாரு. அடுத்த லீவுல புடவையத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள...”

“கோடையில வந்தாரே. அப்ப சொல்லியிருக்கலாமே, மல்லிகா.”

“சொல்லத்தான் வந்தாரு. புடவை கூடப் பையில இருந்துது. ஒங்கம்மா கையப் புடிச்சுக்கினு ஒம்மேல தப்பில்லன்னுட்டாங்களாம். அதுக்கப்புறம் வாயத் தொறக்க முடியலன்னு சாவுறப்ப அழுதாரு. எங்கம்மாவும் கட்டல. வேற யாருக்கும் குடுக்கவும் மனசு வரல.”

எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்தது. அம்மா இன்னும் இருக்கிறாள். தொண்ணூறு தாண்டி, கண் மங்கி, படுக்கையோடு இருக்கிறாள், ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது. அவள் கண் மூடுவதற்குள் இதைச் சொல்லிவிடலாம். புடவை போகவே இல்லை, அம்மா. நீ கொல்லவில்லை.

“நான் எடுத்துக்கினு போறேன்” என்றேன். மல்லிகா புடவையை அதே வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஓரிக்கையிலிருந்து வீடு வரை ஆட்டோவில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “யாரோடம்மா பேசுறீங்க?” என்றார்.

தம்பி சேகருக்கு விஷயம் பிடிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எதிலும் நிதானம். “எதுக்குக்கா இப்ப? அவங்களே எல்லாம் மறந்துட்டு அமைதியா இருக்காங்க.”

“மறந்துட்டாங்களா? நீ அவங்க பக்கத்துல படுத்துப் பாரு, தூக்கத்துல யார் பேரு சொல்றாங்கன்னு தெரியும்” என்றேன். 

அம்மா

மறுநாள் மத்தியானம், கஞ்சி குடித்து முடித்த நேரம். ஜன்னல் வெளிச்சம் கட்டிலில் விழுந்திருந்தது. தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து அவளை உட்கார வைத்தேன். புடவையைப் பிரித்து மடியில் வைத்தேன்.

கண் தெரியாவிட்டால் என்ன, பட்டு தெரியாதா? கரையைப் பிடித்து நீவினாள். விரல் மெதுவாக நகர்ந்து போய் ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

“இது எங்கருந்து வந்துது?”

சொன்னேன். அத்தையின் பெட்டி, மல்லிகா, மாமா பையோடு வந்து திரும்பிப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு முடியாத பிள்ளைகளை அவர்கள் எப்படியும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதை இரண்டு முறை சொன்னேன். “உன்னால ஒண்ணும் ஆகலம்மா. நீ குடுத்தனுப்பாட்டியும் அவன் அங்கதான் இருந்திருப்பான். அந்த ப்ளேன்லதான் போயிருப்பான். நீ எதுவுமே பண்ணல” என்றேன்.

இந்த வார்த்தைகளுக்காக அவள் இத்தனை வருஷம் காத்திருப்பதாக நான் நினைத்திருந்தேன். பெருமூச்சு விடுவாள், அழுவாள், ராஜமாணிக்கத்தைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முகம் ஒடுங்கிப்போயிற்று.

“அப்ப நான் அவனுக்கு ஒண்ணுமே செய்யலியா?” என்றாள்.

“அம்மா...”

“எம்புள்ளைய அவ்ளோ பெரிய சண்டையிலருந்து நான் காப்பாத்தினேன்டி. காப்பாத்தித்தான் கெடுத்தேன். கெடுத்தாலும் நான் காப்பாத்தினேன்.” மூச்சு வாங்கியது. “இப்ப நீ வந்து, அதுவும் இல்லன்றே.”

 அவள் தோளில் இருந்தது ஒரு பாரம் என்று மட்டும்தான் நான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். மகனுக்காக அவள் செய்த ஒரே காரியமும் அதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எழுபதை நெருங்குகிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? சேகர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். மல்லிகா கையைப் பிடித்தபோதே விட்டிருக்கலாம்.

அம்மா புடவையை மெல்ல என் பக்கம் தள்ளினாள். தள்ளிய கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“சரோஜா.”

“என்னம்மா?”

“ராஜமாணிக்கம் அந்தப் பொடவைய அங்க குடுத்துட்டான்னே இருக்கட்டும்டி.”

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

“குடுத்துட்டாரும்மா” என்றேன்.

“அந்தம்மா கட்டிக்கினாங்களா?”

“கட்டிக்கினாங்களாம்.”

“புடிச்சிருந்துதாமா?”

“ரொம்பப் புடிச்சிருந்துதாம்மா. அதனாலதான் அண்ணன சண்டைக்கு அனுப்பல.”

அம்மா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். என் கையை விடவில்லை.